சர்ஜரியில் ஆர்வமுள்ள எம்.பி.பி.எஸ். மாணவருக்கு: வழிகாட்டியைக் கண்டடைவதும் கைப்பயிற்சி பெறுவதும்

தமிழ்நாட்டின் அரசு மருத்துவக் கல்லூரி ஒன்றில் எம்.பி.பி.எஸ். முடித்து, இப்போது பொது அறுவைச் சிகிச்சையில் எம்.எஸ். பயின்று வருகிறேன். மாணவியாக இருந்தபோது, சர்ஜரி கற்க வேண்டும் என்ற விருப்பத்தை யாரிடம் போய்ச் சொல்வது, எந்தக் கையெழுத்தை யாரிடம் வாங்குவது, எதற்கு எப்போது விண்ணப்பிப்பது என்று சொல்ல ஆளில்லாமல் நெடுநாள் அலைந்தேன். விடுதி சீனியர்கள் சொன்னவை ஒன்றுக்கொன்று முரண்பட்டன. அலுவலகத்தில் கேட்டால் அடுத்த மேசையைக் காட்டினார்கள். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

இரண்டாம் ஆண்டு முதல் சி.ஆர்.ஆர்.ஐ. (படிப்பின் முடிவில் வரும் ஓராண்டுக் கட்டாயப் பயிற்சி மருத்துவர் பணி) வரை உள்ளவர்களுக்கு இது பயன்படும். தனியார் கல்லூரியில் படிப்பவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும். ஒரே யூனிட்டில், அதாவது சர்ஜரித் துறையின் ஒரே மருத்துவர் குழுவில், தொடர்ந்து தென்பட்டு, கொடுத்த சிறு வேலையை முடித்துத் தரும் மாணவருக்குத்தான் சர்ஜரியில் வழிகாட்டி அமைகிறார். கீழே வரும் படிகளில் பெரும்பாலானவை அதற்கான ஏற்பாடுகளே.

1. தடுப்பூசி அட்டை இல்லாமல் ஆபரேஷன் தியேட்டருக்குப் போகாதீர்கள்

ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி மூன்று தவணைகளாகப் போடப்படுகிறது: முதல் ஊசி, அதிலிருந்து ஒரு மாதத்தில் இரண்டாவது, ஆறாவது மாதத்தில் மூன்றாவது. அதாவது, வார்டுப் பயிற்சியான போஸ்டிங் தொடங்கும் வாரத்தில் முதல் ஊசி போட்டுக்கொண்டாலும் முழுப் பாதுகாப்புக்கு அரை ஆண்டுக்கு மேல் ஆகிவிடும். ஆகவே முதலாம் ஆண்டிலேயே தொடங்கிவிடுவது நல்லது. கடைசித் தவணை முடிந்து ஒன்று அல்லது இரண்டு மாதத்தில் ரத்தத்தில் எதிர்ப்பாற்றலைக் காட்டும் ஆன்டி-எச்.பி.எஸ். அளவைப் பரிசோதியுங்கள், அது 10 mIU/mL-க்குக் குறைவாக இருந்தால் மறுபடியும் ஊசி தேவைப்படும். டெட்டனஸ் தடுப்பூசி எப்போது போட்டீர்கள் என்பதையும் அதே அட்டையில் குறித்துவையுங்கள். பல கல்லூரிகளில் மாணவர்களுக்கு இந்த ஊசி இலவசமாகவே போடப்படுகிறது, கேட்காதவர்களுக்குத்தான் செலவு.

நோயாளிக்குப் பயன்படுத்திய ஊசி தவறுதலாக உங்களைக் குத்திவிட்டால் செய்ய வேண்டியதை இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். குத்திய இடத்தை அழுத்திப் பிழியக் கூடாது. சோப்பும் ஓடும் நீரும் கொண்டு கழுவிவிட்டு, உடனே யூனிட்டில் இருக்கும் மருத்துவரிடம் சொல்லுங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவை என்று முடிவானால் அதை இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்குவது சிறந்தது, 72 மணி நேரத்துக்கு மேல் தாமதித்தால் பயனில்லை, 28 நாள் தொடர்ந்து உட்கொள்ள வேண்டும். அரசு மருத்துவமனைகளில் இது கட்டணமின்றிக் கிடைக்கிறது. திட்டு விழும் என்று பயந்து சொல்லாமல் இருப்பவர்களை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன். அந்தப் பயத்துக்காக மணிக்கணக்கை இழக்காதீர்கள்.

2. யூனிட்டின் வாரத்தை எழுதிக்கொள்ளுங்கள்

சர்ஜரித் துறை யூனிட்டுகளாகப் பிரிந்து இயங்குகிறது. ஒவ்வொரு யூனிட்டுக்கும் அதன் தலைவரான ஒரு சீஃப், சில உதவிப் பேராசிரியர்கள், பி.ஜி.க்கள் (முதுநிலை மாணவர்கள்), சி.ஆர்.ஆர்.ஐ.க்கள் இருப்பார்கள். ஓ.பி. நாள், அட்மிஷன் நாள், தியேட்டர் நாள், வார்டு ரவுண்ட்ஸ் என ஒவ்வொரு யூனிட்டுக்கும் தனி வாரம் உண்டு. உங்கள் யூனிட்டின் வாரத்தை ஒரு தாளில் எழுதி, உங்கள் வகுப்பு அட்டவணைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், வருகைப்பதிவு கெடாமல் எந்த நேரம் உங்களுக்கு ஓய்வாக இருக்கிறது என்பது தெரிந்துவிடும். வகுப்பைத் தவிர்த்துத் தியேட்டரில் நிற்பதை எந்த நல்ல ஆசிரியரும் பாராட்டமாட்டார். தியரிக்கு 75 விழுக்காடும் செயல்முறைக்கு 80 விழுக்காடும் வருகை இல்லாவிட்டால் தேர்வெழுதவே முடியாது.

மாணவர்கள் பொதுவாகத் தியேட்டர் நாளுக்கே ஆசைப்படுகிறார்கள். என் கருத்தில் அட்மிஷன் நாளின் மாலையும் இரவுமே அதிகம் கற்றுத்தருபவை. வயிற்று வலியோடு வருபவரை முதலில் பார்ப்பது, குடல்வால் அழற்சியா வேறொன்றா என்று யோசிப்பது, எதற்கு ஸ்கேன் கேட்பது, எப்போது சீஃபை அழைப்பது ஆகிய எல்லாம் அப்போதுதான் கண்ணெதிரே நடக்கும். அந்த நேரத்தில் கூட்டம் குறைவு என்பதால் பி.ஜி.க்கும் உங்களோடு பேச வாய்க்கும்.

3. வழிகாட்டியைத் தேடும் முறை

முதலில் சீஃபிடம் போகாதீர்கள். அவருக்கு உங்கள் பெயர் நினைவில் நிற்பதற்குள் போஸ்டிங் முடிந்துவிடும். முதல் அல்லது இரண்டாம் ஆண்டு பி.ஜி.யிடமிருந்து தொடங்குங்கள். அவர் முதுநிலை நுழைவுத் தேர்வான நீட் பி.ஜி.யை அண்மையில் எழுதி வந்தவர், வேலைப் பளுவில் இருப்பவர், உங்கள் உதவி உண்மையிலேயே தேவைப்படுபவர். ரவுண்ட்ஸுக்கு முன் டிரெய்ன் (அறுவை இடத்திலிருந்து நீர் வடியும் குழாய்) அளவுகளை எடுத்துவைப்பது, பரிசோதனை முடிவுகளை வாங்கி வருவது, ஒரு நோயாளியின் வரலாற்றை முழுமையாக எழுதித் தருவது ஆகிய மூன்றில் ஒன்றையாவது தவறாமல் செய்யுங்கள். சில வாரம் கழித்து அந்த பி.ஜி.யே உங்களை உதவிப் பேராசிரியரிடம் அறிமுகப்படுத்துவார். அவர் வழியாகச் சீஃபை அடைவது எளிது. ஆனால் எடுபிடி வேலைக்கும் கற்றலுக்கும் எல்லை உண்டு. மாதக்கணக்கில் ரத்த மாதிரியைச் சுமந்தும் யாரும் உங்களுக்கு ஒரு கேஸைக்கூட விளக்கவில்லை என்றால், தயங்காமல் வேறு யூனிட்டைப் பாருங்கள்.

“சார், எனக்கு மென்டராக இருப்பீர்களா?” என்று கேட்பதால் பெரும்பாலும் ஒரு புன்னகைதான் கிடைக்கும். கேட்கும் உதவி சிறியதாகவும் தெளிவாகவும் இருக்கட்டும். “மேடம், இந்த ஹெர்னியா கேஸை நாளை உங்களிடம் பிரசன்ட் செய்யலாமா? பத்து நிமிடம் போதும்” என்றால் மறுப்பவர் குறைவு. பிரசன்ட் செய்து, அவர் திருத்தியதைக் குறித்துக்கொண்டு, அடுத்த வாரம் திருத்தத்தோடு இன்னொரு கேஸை எடுத்துப் போங்கள். இரண்டாம் முறையும் போகிற மாணவரைத்தான் ஆசிரியர்கள் நினைவில் வைத்துக்கொள்கிறார்கள்.

கல்லூரி ஒதுக்கித் தரும் மென்டர்–மென்டீ பட்டியல் வேறு. அதில் உங்களுக்கு வாய்ப்பவர் உயிர்வேதியியல் ஆசிரியராகவும் இருக்கலாம். வருகைப்பதிவு, விடுப்பு, மன அழுத்தம், விடுதிச் சிக்கல் ஆகியவற்றுக்கு அவரே சரியான ஆள், அவரை விட்டுவிடாதீர்கள்.

ஒரே ஒருவரிடம் எல்லாவற்றையும் எதிர்பார்க்க வேண்டாம். கைவேலைக்கு ஒருவர், ஆய்வுக்கு ஒருவர், தேர்வுக்கும் வாழ்க்கை முடிவுகளுக்கும் ஒருவர் என்று அமைந்தால் போதும். மாணவிகளுக்கு ஒரு சொல்: “பெண் பிள்ளைக்கு எதற்கு சர்ஜரி, கைனக் எடுத்தால் என்ன?” என்ற கேள்வி வார்டிலும் வரும், வீட்டிலும் வரும். துறையில் இருக்கும் பெண் உதவிப் பேராசிரியர் ஒருவரிடமோ பி.ஜி.யிடமோ இரவுப் பணி, மகப்பேறு விடுப்பு, குடும்பம் ஆகியவை பற்றி நேரடியாகக் கேளுங்கள். வெளியிலிருந்து கிடைக்கும் அறிவுரைகளை விட அவர்களின் பதில் நேர்மையாக இருக்கும்.

4. கையைப் பழக்குவது: பொருளும் செலவும்

ஒரு நீடில் ஹோல்டர் (ஊசி பிடிக்கும் கருவி), ஒரு பல்லுள்ள ஃபோர்செப்ஸ் (இடுக்கி), ஒரு கத்தரிக்கோல், ஒரு சிலிக்கான் பேட் கொண்ட பயிற்சிப் பெட்டி இணையக் கடைகளில் ஏறக்குறைய 500 ரூபாயிலிருந்து 1,500 ரூபாய் வரை கிடைக்கிறது. இருவர் சேர்ந்து வாங்கினாலே போதும். மலிவான பெட்டிகளில் நீடில் ஹோல்டரின் பூட்டு சில வாரங்களில் தளர்ந்துவிடும். ஆதலால் அந்த ஒரு கருவியை மட்டும் சர்ஜிக்கல் கடையில் தனியாக வாங்குவது லாபம். காலாவதியான தையல் நூல் பொட்டலங்களைத் தியேட்டர் சிஸ்டரிடம் அனுமதியோடு கேட்டுப் பெறலாம். வாங்கிய உடனே “பயிற்சிக்கு மட்டும்” என்று பேனாவால் எழுதிவிடுங்கள், அவை எந்த வழியிலும் வார்டுக்குத் திரும்பிவிடக் கூடாது.

தொடக்கத்துக்கு முடிச்சு போதும். இரு கை முடிச்சு, ஒரு கை முடிச்சு, கருவி முடிச்சு என்ற வரிசையில் பழகுங்கள். ஒவ்வொரு சுற்றிலும் கை திசை மாற வேண்டும். மாறாவிட்டால் விழுவது நழுவும் முடிச்சு. கட்டிலின் கம்பியில் கட்டிப் பழகுபவர்கள் ஒரு தீய பழக்கத்தையும் சேர்த்துக் கற்றுக்கொள்கிறார்கள்: கம்பி அசையாது என்பதால் நூலை மேல்நோக்கி இழுப்பது தெரிவதில்லை. காலியான தண்ணீர்ப் பாட்டிலின் கழுத்தில் கட்டிப் பாருங்கள். பாட்டில் நகராமலும் கவிழாமலும் முடிச்சு இறுகினால்தான் ரத்தக் குழாயில் அதே முடிச்சைப் போடத் தகுதி வந்திருக்கிறது. பிறகு கையுறை அணிந்து, நூலை நனைத்து, இடக்கையாலும் செய்யுங்கள். நாளுக்குப் பத்து நிமிடம் போதும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் இரண்டு மணி நேரம் உட்காருவதால் அந்தப் பலன் கிடைக்காது.

தையலுக்குத் தோலுடன் கூடிய கோழித் தொடை நல்லது. இறைச்சிக் கடையில் ஆட்டுக் குடல் வாங்கிக் கழுவிக்கொண்டால், குடலின் இரு முனைகளை இணைக்கும் தையலைக்கூட முயன்று பார்க்கலாம். தண்ணீர் ஊற்றிக் கசிகிறதா என்று பார்ப்பதே தேர்வு. எம்.பி.பி.எஸ். பாடத்துக்கு அது தேவையில்லை, ஆனால் குடலின் அடுக்குகளை விரல் உணரும்போது படித்ததற்கு உருவம் கிடைக்கிறது. விடுதிச் சமையலறைப் பாத்திரங்களை இதற்குப் பயன்படுத்தாதீர்கள். பயன்படுத்திய ஊசிகளை விடுதிக் குப்பைத் தொட்டியில் போடுவது குற்றத்துக்கு ஒப்பானது, ஏனெனில் அதைக் கையால் அள்ளுபவர் ஒரு தூய்மைப் பணியாளர். கனமான பிளாஸ்டிக் டப்பாவில் சேர்த்துவைத்து, வார்டில் இருக்கும் கூர்பொருள்களுக்கான வெள்ளைப் பெட்டியில் சேர்ப்பியுங்கள்.

ஒவ்வொரு கல்லூரியிலும் கைப்பயிற்சிக்கான ஸ்கில்ஸ் லேப் இருக்க வேண்டும் என்பது தேசிய மருத்துவ ஆணையத்தின் விதி. பூட்டிக் கிடந்தால், நான்கைந்து பேர் கையெழுத்திட்டு, பொறுப்பாசிரியர் பெயரையும் நேரத்தையும் குறிப்பிட்டு, துறைத் தலைவர் வழியாக டீனுக்கு ஒரு கடிதம் கொடுங்கள். தனியாளாகப் போய்ச் சாவி கேட்பதை விட அது விரைவில் பலிக்கும்.

5. தியேட்டரில் முதல் நாள்

முதல் நாளன்று சாப்பிட்டுவிட்டுப் போங்கள். தலை சுற்றினால் உடனே சொல்லி, மேசையிலிருந்து விலகிச் சுவரோரம் உட்கார்ந்துவிடுங்கள். அது அவமானமில்லை, மேசை மேல் விழுவதுதான் ஆபத்து. நகம் வெட்டி, மோதிரம், வளையல், கைக்கடிகாரம் கழற்றிவிட்டு வாருங்கள். உங்கள் கையுறை அளவு ஆறரையா ஏழா ஏழரையா என்பதை முன்பே தெரிந்துகொள்ளுங்கள். கருவிகளை எடுத்துத் தரும் ஸ்க்ரப் நர்ஸ் கேட்கும் முதல் கேள்வி அதுதான். உள்ளே நுழைந்ததும் உங்கள் பெயரையும் ஆண்டையும் சொல்லி, நிற்கலாமா என்று அவரிடம் அனுமதி கேளுங்கள். தியேட்டர் நர்ஸின் நம்பிக்கையைப் பெற்ற மாணவருக்கு வாய்ப்புகள் தாமாக வரும், பகைத்துக்கொண்டவருக்குச் சீஃபே சொன்னாலும் வராது.

கையுறை அணிந்த பின் கைகள் மார்புக்கும் இடுப்புக்கும் நடுவில் இருக்கட்டும். கருவித் தட்டிலிருந்து நீங்களாக எதையும் எடுக்காதீர்கள். எதையாவது தொட்டுவிட்டதாகச் சந்தேகம் வந்தால், யாரும் பார்க்காவிட்டாலும், சொல்லிவிட்டுக் கையுறையை மாற்றுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் பாதுகாப்புப் பட்டியல் மயக்க மருந்துக்கு முன், கீறலுக்கு முன், நோயாளி வெளியேறும் முன் என மூன்று கட்டங்களில் வாசிக்கப்படும். அதைக் கவனமாகக் கேட்டால் அன்றைய கேஸின் சுருக்கம் முழுவதும் உங்களுக்குக் கிடைத்துவிடும்.

உங்களுக்கு வரும் முதல் வேலை, கீறலை விரித்து வைக்கும் ரிட்ராக்டரைப் பிடிப்பது. இரண்டாவது, நூல் வெட்டுவது. எவ்வளவு நீளம் விட வேண்டும் என்று கேட்டுவிட்டு வெட்டுங்கள். உள்ளே கட்டும் பட்டு நூலைக் குட்டையாகவும் தோலில் போடும் நைலானைப் பிறகு பிடித்து எடுக்க வசதியாக நீளமாகவும் விடுவார்கள். முந்தைய நாள் இரவே மறுநாளின் தியேட்டர் பட்டியலைப் பார்த்து, அந்த அறுவைக்குரிய உடற்கூறை ஒரு முறை வாசித்துவிட்டு வந்தால், ரிட்ராக்டர் பிடித்தபடியே நிறையக் கற்றுக்கொள்ளலாம்.

ஒப்புதல் பற்றிக் கண்டிப்பாக இருங்கள். மலக்குடல் பரிசோதனை, மார்பகப் பரிசோதனை, பிறப்புறுப்புப் பரிசோதனை ஆகியவற்றுக்கு நோயாளியின் அனுமதியும் உடன் ஒருவர் இருப்பதும் தேவை. பெண் நோயாளி என்றால் பெண் ஊழியர் ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும். மயக்கத்தில் இருப்பவரை, முன்கூட்டி அவருடைய ஒப்புதல் பெறாமல், பயிற்சிக்காகப் பரிசோதிக்க யார் சொன்னாலும் மறுத்துவிடுங்கள். தியேட்டரில் கைப்பேசியை வெளியில் எடுக்காமல் இருப்பதே பாதுகாப்பு. வாட்ஸ்ஆப் ஸ்டேட்டஸில் போட்ட ஒரு படம் உங்களை டீன் அறைக்கு அழைத்துச் செல்லும்.

6. லாக் புக்: அன்றன்றே கையெழுத்து

செய்த பயிற்சிகளைப் பதியும் லாக் புக்கில் தேதி, நோயாளியின் ஐ.பி. (உள்நோயாளி) எண், செய்த வேலை, உங்கள் பங்கு ஆகிய நான்கையும் எழுதுங்கள். நோயாளியின் பெயரை எழுத வேண்டாம். உங்கள் பங்கு பார்த்ததா, உதவியதா, மேற்பார்வையில் செய்ததா, தனியாகச் செய்ததா என்பதை உள்ளபடி குறியுங்கள். அடிப்படைத் தையல், புண் பராமரிப்பு, கட்டுப் போடுதல், மேலோட்டமான சீழ்க்கட்டியைக் கீறி வடித்தல் ஆகியவை எம்.பி.பி.எஸ். முடிப்பவர் தனியாகச் செய்யத் தெரிந்திருக்க வேண்டிய திறன்களாகப் பாடத்திட்டத்தில் வரையறுக்கப்பட்டிருக்கின்றன. இவற்றுக்கான பக்கங்களை முதலில் நிரப்புங்கள். இவற்றைக் கற்பதற்கு ஏற்ற இடம் பெரிய தியேட்டரன்று, சிறு அறுவைகளுக்கான மைனர் ஓ.டி.யும் அவசரப் பிரிவான காஷுவாலிட்டியும்தான்.

பெரும்பாலோர் சிக்கும் இடம் கையெழுத்து. பருவ இறுதியில் மொத்தமாக வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டுவைத்தால், அதற்குள் பொது மாறுதல் கலந்தாய்வில் அந்த உதவிப் பேராசிரியர் வேறு மாவட்டத்துக்குப் போயிருப்பார், பி.ஜி. தேர்வு முடிந்து கிளம்பியிருப்பார். புதிதாக வந்தவர் தான் பார்க்காத வேலைக்குக் கையெழுத்திட மறுப்பது நியாயமே. ஒவ்வொரு வாரமும் நிரப்பிய பக்கங்களைப் படமெடுத்து மின்னஞ்சலில் சேமியுங்கள்.

7. ஆய்வு: கால அட்டவணையும் பணப் பொறிகளும்

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் குறுங்கால மாணவர் ஆய்வுத் திட்டம், அதாவது ஐ.சி.எம்.ஆர். எஸ்.டி.எஸ்., நல்ல தொடக்கம். இரண்டு மாத அளவிலான சிறு ஆய்வு, உங்கள் கல்லூரி ஆசிரியர் ஒருவரின் வழிகாட்டலில் நடக்க வேண்டும். சி.ஆர்.ஆர்.ஐ. வந்துவிட்டால் விண்ணப்பிக்க முடியாது. அறிவிப்பு வந்த பிறகு தலைப்புத் தேடத் தொடங்கினால் நேரம் போதாது. வழிகாட்டி ஆசிரியரின் சம்மதம், கல்லூரித் தலைமையின் சான்றொப்பம், நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் ஆகிய மூன்றும் வேண்டும். இவற்றில் நெறிமுறைக் குழு மாதக்கணக்கில் இழுக்கும். அது எப்போது கூடுகிறது என்பதை முதலில் விசாரித்து, அதிலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுங்கள். உதவித்தொகையும் சான்றிதழும் இறுதி அறிக்கை ஏற்கப்பட்ட பின்னரே வரும் என்பதால், அந்தப் பணத்தை நம்பி முன்கூட்டியே செலவு செய்யாதீர்கள்.

தலைப்பு சிறியதாக இருக்கட்டும். உங்கள் வார்டிலேயே, இரண்டு மாதத்தில், உங்கள் ஒருவரால் எண்ணி முடிக்கக்கூடியதாக இருப்பதே அளவுகோல். அறுவைக்குப் பின் புண்ணில் ஏற்படும் தொற்று, நீரிழிவுக் கால் புண் போன்றவற்றுக்கு நோயாளிகள் எப்போதும் இருப்பார்கள்.

ஒரு நோயாளியைப் பற்றிய கட்டுரையான கேஸ் ரிப்போர்ட் எழுதுவதானால், நோயாளி வீடு திரும்பும் முன் எழுத்து வடிவ ஒப்புதலை வாங்கிவிடுங்கள்; பிறகு அவரைத் தேடிக் கண்டுபிடிப்பது கடினம். சில நாட்களில் வெளியிட்டுத் தருகிறோம் என்று மின்னஞ்சல் அனுப்பிப் பணம் கேட்கும் இதழ்களை ஒதுக்குங்கள். பணம் வாங்கிக்கொண்டு உங்கள் பெயரை யாரோ எழுதிய கட்டுரையில் சேர்க்கும் தரகர்களும் மாணவர் குழுக்களில் உலவுகிறார்கள். அவர்களிடம் போனால் பணத்தோடு பெயரும் போகும்.

மாநாடுகளைப் பொறுத்தவரை, இந்திய அறுவைச் சிகிச்சை மருத்துவர்கள் சங்கத்தின் தமிழ்நாடு–புதுச்சேரிக் கிளை நடத்தும் நிகழ்வுகள் அருகிலேயே நடப்பதால் பயணச் செலவு குறைவு. முன்பதிவுக் காலத்தில் கட்டினால் கட்டணமும் குறையும். ஆண்டுக்கு ஒன்று போதும், அதுவும் போஸ்டர் ஏதாவது வைப்பதாக இருந்தால்.

8. சி.ஆர்.ஆர்.ஐ. ஆண்டு

இந்த ஆண்டில் பொது அறுவைச் சிகிச்சைக்கு 6 வாரம், மயக்கவியலுக்கு 2 வாரம், அவசரச் சிகிச்சைக்கு 2 வாரம் என்று 2021-ஆம் ஆண்டு விதிகள் ஒதுக்குகின்றன. தொடங்கும் முன் மாநில மருத்துவக் கவுன்சிலின் தற்காலிகப் பதிவு கையில் இருக்க வேண்டும். மயக்கவியல் வாரங்களை நுழைவுத் தேர்வுக்குப் படிக்கும் விடுமுறையாகப் பலரும் கருதுகிறார்கள். மூச்சுக்குழாய்ப் பராமரிப்பை ஒருவர் பக்கத்தில் நின்று சொல்லித்தரும் வாய்ப்பு இதுபோல் மறுபடி அமைவது அரிது என்பதால், அந்த வாரங்களை வீணாக்காதீர்கள். விடுப்பு வரம்பைத் தாண்டினால் பணி நீட்டிக்கப்படும், நிறைவுத் தேதி தள்ளிப்போனால் அந்த ஆண்டு நீட் பி.ஜி. தகுதியே போய்விடலாம்.

9. நீட் பி.ஜி.யும் இடத் தேர்வும்

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்: இந்தியாவில் எம்.எஸ். இடம் மதிப்பெண் தரவரிசைப்படியே கிடைக்கிறது. பரிந்துரைக் கடிதம், ஆய்வுக் கட்டுரை, தியேட்டரில் நின்ற மணி நேரம் எதுவும் அங்கே கணக்கில் வராது. இறுதியாண்டு முதல் சி.ஆர்.ஆர்.ஐ. முடியும் வரை தேர்வுக்கான நேரத்தைத் தியேட்டருக்குக் கொடுத்துவிடாதீர்கள். நல்ல வழிகாட்டி இதை அவரே சொல்லி உங்களை அனுப்பிவைப்பார். தேர்வுக் கட்டணம் 2024 முதல் பொதுப் பிரிவினருக்கு 3,500 ரூபாய். எய்ம்ஸ், ஜிப்மர் போன்றவற்றுக்கு ஆண்டுக்கு இரண்டு முறை ஐ.என்.ஐ. செட் என்ற நுழைவுத் தேர்வு தனியாக நடக்கிறது. அரசுக் கல்லூரி இடங்களில் பாதி அகில இந்திய ஒதுக்கீட்டுக்குப் போகிறது. தமிழ்நாட்டில் மீதியில் பாதி அரசுப் பணியில் உள்ள மருத்துவர்களுக்கு. ஆகவே தரவரிசை சற்றுக் கீழே இருந்தால், மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத் தேர்வெழுதி உதவி மருத்துவராகச் சேர்ந்து, பணியிலிருந்தபடி முயல்வதும் மதிப்பான வழி.

வழிகாட்டியின் பெரும்பயன், கலந்தாய்வில் கல்லூரிகளின் விருப்பப் பட்டியல் நிரப்பும் அந்தச் சில நாட்களில்தான் தெரியும். ஒவ்வொரு கல்லூரிக்கும் அங்கே படிக்கும் பி.ஜி. ஒருவரின் தொடர்பை அவர் மூலம் பெற்று, இவற்றைக் கேளுங்கள்: யூனிட்டுக்கு வாரத்தில் எத்தனை தியேட்டர் நாள், இரண்டாம் ஆண்டு பி.ஜி. தானாகச் செய்யும் அறுவைகள் எவை. லேப்ராஸ்கோப்பி யார் கைக்குப் போகிறது. உதவித்தொகை ஒழுங்காக வருகிறதா. படித்து முடித்தபின் செய்ய வேண்டிய கட்டாயப் பணிக்கான ஒப்பந்தம் எத்தனை ஆண்டு, மீறினால் கட்ட வேண்டிய தொகை எவ்வளவு. ஒப்பந்தக் காலமும் தொகையும் மாநிலத்துக்கு மாநிலம் மாறுவதோடு அரசாணை வழியாக இடையிடையே திருத்தப்படுவதால், அந்த ஆண்டின் தகவல் கையேட்டில் அச்சாகியிருப்பதை மட்டும் நம்புங்கள்.

சேரும் நாளில் எம்.பி.பி.எஸ். மதிப்பெண் பட்டியல்கள், பட்டச் சான்றிதழ், சி.ஆர்.ஆர்.ஐ. நிறைவுச் சான்றிதழ், மருத்துவக் கவுன்சிலின் நிரந்தரப் பதிவு, சாதிச் சான்றிதழ், மாற்றுச் சான்றிதழ் ஆகியவற்றின் அசல்களை ஒப்படைக்க வேண்டியிருக்கும், அவை கைக்குத் திரும்ப ஆண்டுகள் ஆகலாம். இரு பக்கமும் ஸ்கேன் செய்து, சான்றொப்பமிட்ட நகல்களில் குறைந்தது ஐந்து தொகுதிகளை முன்பே எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். நிரந்தரப் பதிவுக்குக் கூட்டம் சேரும் காலம் சி.ஆர்.ஆர்.ஐ. முடியும் அந்த மாதமே என்பதால், நிறைவுச் சான்றிதழ் வந்த அன்றே விண்ணப்பித்துவிடுங்கள்.